விழித்தபடியே மூளை அறுவை: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஊரிலிருந்து வந்தவை. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில் மண்டோராக (தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியாக) இருக்கும் ஒருவருக்கு மூளையில் கட்டி கண்டிருப்பதாகவும், அவரை விழித்திருக்க வைத்தே அறுவை செய்யப்போவதாகவும் செய்தி பரவியதும், அவருடைய மனைவி மட்டுமன்றி உறவினரும் ஊராரும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 43. காலைப் பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பேச்சு நின்று, வலது கை உதறி, கீழே விழுந்துவிட்டார். ஈப்போ பொது மருத்துவமனையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் இடது பக்க முன்மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. மெதுவாக வளரும் வகைபோல் இருக்கிறது என்றார்கள். அறுவை கோலாலம்பூரில். மண்டை ஓட்டைத் திறந்தபின் அவரை எழுப்பிப் பேசவைப்பார்களாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர் வலி தாங்குவாரா? முழு மயக்கத்தில் செய்யச் சொல்லிக் கேட்கலாமா? தீபாவளி கழியும் வரை தள்ளிப்போட்டால் தவறா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, வலியைப் பற்றிய உங்கள் அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. வலிப்பவை தலைத்தோலும், எலும்பின் மேலுள்ள சவ்வும், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையுமே ஆகும். ஆகவே மயக்க மருந்து நிபுணர், நெற்றி, காதோரம், பிடரி ஆகிய இடங்களில் தலைத்தோலுக்குச் செல்லும் நரம்புகளைக் குறிவைத்து, பல மணி நேரம் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசி மூலம் செலுத்திவிடுவார். பல் பிடுங்குமுன் ஈறில் போடும் ஊசிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. பெரும்பாலான மையங்களில், தோலைக் கீறி எலும்பைத் திறந்து முடிக்கும் வரை நோயாளியைத் தூக்க மருந்தில் வைத்திருப்பார்கள். பிறகு மருந்தை நிறுத்தி எழுப்புவார்கள். கட்டியை எடுத்தபின் மீண்டும் உறங்க வைத்துவிட்டுத் தையல் போடுவார்கள். எனவே எலும்பைத் துளைக்கும் ஓசைகூட அவர் நினைவில் தங்காமல் போகலாம்.

இந்த அறுவையை முடித்து வந்தவர்கள் பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்வது மூளையைப் பற்றி அல்ல. தலை அசையாதிருக்க மூன்று ஊசிமுனைகள் கொண்ட பிடிப்பானில் பொருத்தப்பட்டிருக்கும்; ஒரு பக்கமாகச் சாய்ந்து நெடுநேரம் கிடப்பதால் தோள்பட்டையும் இடுப்பும் கடுக்கும்; வாய் உலர்ந்துபோகும்; சிறுநீர்க் குழாய் போட்டிருந்தும் சிறுநீர் முட்டுவதுபோல் இருக்கும். உதட்டை நனைத்துவிடவும், பேச்சுக் கொடுக்கவும், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் ஒருவர் அவருடைய முகத்துக்கு நேரே அமர்ந்திருப்பார். முகத்துக்கு முன்னால் துணி தொங்காமல், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உறையைக் கட்டுவதும் அதற்காகத்தான்.

இது உங்கள் கணவர்மேல் செய்துபார்க்கும் புதுச் சோதனை அன்று. கனடாவின் மொன்றியால் நகரில் 1934இல் நரம்பியல் கழகத்தை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளை விழித்திருக்க வைத்து, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைத் தொட்டு, எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்று குறித்துவைத்தார். இன்று மருந்துகளும் கருவிகளும் மாறிவிட்டன. அடிப்படை முறை அதேதான்.

முழு மயக்கத்தில் செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கணவருக்குக் கட்டி இருக்குமிடம், பெரும்பாலானோருக்குப் பேச்சை இயக்கும் பகுதியை ஒட்டியது. அந்தப் பகுதி பாடநூலில் வரைந்த இடத்திலேயே எல்லாருக்கும் அமைவதில்லை. மெதுவாக வளரும் கட்டியாக இருந்தால், மூளையே தன் வேலையைச் சிறிது சிறிதாக அக்கம்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டும் இருக்கும். கைகால் அசைவுக்கான பாதைகளை மயக்கத்திலும் மின்தூண்டல் மூலம் ஓரளவு கண்காணிக்க முடியும். பேச்சை, பேசுபவர் பேசினால்தான் சோதிக்க முடியும். மின்தூண்டலால் வேலைப்பகுதிகளைக் கண்டறிந்து செய்த அறுவைகளையும் அவ்வாறு செய்யாதவற்றையும் ஒப்பிட்டு, 8,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2012இல் வெளியானது. நிலைத்து நிற்கும் கடுமையான நரம்புக் குறைபாடு, மின்தூண்டல் இல்லாதவர்களில் 8.2 விழுக்காடாகவும், இருந்தவர்களில் 3.4 விழுக்காடாகவும் இருந்தது. உங்கள் கணவரின் இடத்தில் நான் இருந்தால் விழித்திருக்கவே சம்மதிப்பேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். மின்தூண்டலின்போது மேசையிலேயே வலிப்பு வரலாம். வந்தால் குளிரவைத்த மலட்டு உப்புநீரை மூளையின்மீது ஊற்றுவார்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். இரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் எந்த மூளை அறுவையிலும் உள்ள அபாயங்கள். அறுவைக்குப் பிந்திய நாள்களைப் பற்றியும் உங்களை எச்சரித்துவைக்க வேண்டும். முன்மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் கை வைத்திருந்தால், மேசையில் நன்றாகப் பேசியவர் மறுநாள் வாயே திறக்காமல், வலது கையை அசைக்காமல் கிடக்கக்கூடும். வார்டில் அதைப் பார்க்கும் குடும்பம் எல்லாம் போய்விட்டது என்று இடிந்துபோகிறது. பெரும்பாலோருக்கு இந்நிலை சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். ஆனால் உங்கள் கணவரின் கட்டி அந்தப் பகுதியைத் தொடுகிறதா என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளியைப் பொறுத்தவரை, சில வாரத் தாமதத்தைப் பற்றி அறுவை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை. இவ்வகைக் கட்டிகள் விட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 4 மில்லிமீட்டர் அளவில் வளர்பவை. ஆனால் மாத்திரையால் வலிப்பு நின்றுவிட்டதே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது வேறு. நோர்வே நாட்டில் ஒரு மருத்துவமனை சிறு துணுக்கை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கத்தையும், இன்னொன்று தொடக்கத்திலேயே கட்டியை எடுக்கும் வழக்கத்தையும் கொண்டிருந்தன. இரண்டையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், 5 ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தோர் காத்திருந்த பக்கத்தில் 60 விழுக்காடு, எடுத்த பக்கத்தில் 74 விழுக்காடு. இடைப்பட்ட காலத்தில் வலிப்பு மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூளை திறந்திருக்கும்போது வரும் தொடர் இருமல் பெரும் தொல்லை, இருமல் அடங்காதவரை விழித்த நிலை அறுவைக்கு ஏற்பதற்கே மருத்துவர்கள் தயங்குவார்கள். மதுப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். மதுவைத் திடீரென்று நிறுத்துவதே சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். இங்கே கூச்சப்பட்டு மறைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் செம்பனை எண்ணெய் ஆலையில் தொழில்நுட்பப் பணியாளன். அண்ணனுக்கு அறுவை நடக்கும்போதே ஸ்கேன் எடுப்பார்கள் என்கிறார்கள். அறுவைக்கு முன் எடுத்த படம் போதாதா? தலை திறந்திருக்கும்போது எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் எப்படிக் கொண்டுபோவார்கள்? அந்த இயந்திரம் இல்லாத மருத்துவமனையில் செய்தால் குறைதானா?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. அறுவைக்கு முன் எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, நோயாளியின் தலையோடு பொருத்தி, மருத்துவர் கையிலுள்ள கருவியின் முனை மூளையில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் வழிகாட்டி அமைப்பு இப்போது பல இடங்களில் உண்டு. அதன் பலவீனம், படம் பழையது என்பதுதான். உறையைத் திறந்ததும் மூளையைச் சூழ்ந்த நீர் வடிகிறது. கட்டியை எடுக்க எடுக்க மிச்சமுள்ள மூளை அந்த வெற்றிடத்தை நோக்கிச் சரிகிறது. புவியீர்ப்பும் தன் பங்குக்கு இழுக்கிறது. சில வேளைகளில் மேற்பரப்பு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். மருத்துவருக்கு வழிகாட்டுதல் மிகவும் தேவைப்படும் இறுதிக் கட்டத்தில்தான் அந்தத் திரையை நம்ப முடியாமல் போகிறது.

இதைச் சரிசெய்யவே அறுவை அறைக்குள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கொண்டுவரும் யோசனை பிறந்தது. பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் 1990களின் நடுவில் அமைத்த முதல் இயந்திரம், இரண்டு வளையங்களை இடைவெளி விட்டு நிறுத்தியதுபோல் இருந்தது. அந்த இடைவெளியில் நின்றே மருத்துவர் அறுவை செய்தார். அதன் காந்தம் 0.5 டெஸ்லா (காந்த வலிமையை அளக்கும் அலகு). இன்றைய அமைப்புகள் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டவை. சில இடங்களில் நோயாளி படுத்திருக்கும் மேசை பக்கத்து அறையிலுள்ள இயந்திரத்துக்குள் நகர்கிறது. வேறு சிலவற்றில் நோயாளி அசையாமல் கிடக்க, உத்தரத்தில் பதித்த தண்டவாளத்தில் தொங்கியபடி இயந்திரமே அவரிடம் வருகிறது.

ஆலையில் வேலை செய்பவர் என்பதால் அடுத்த பகுதி உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். காந்தம் நெருங்குமுன், மேசைமேல் இருந்த கத்தரி, ஊசி, இடுக்கி ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்த்து, ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க மற்றொருவர் ஆம் என்று சொல்லியாக வேண்டும். ஓர் இரும்பு ஊசி மறந்து கிடந்தாலும் அது பறந்துபோய் நோயாளியைத் தைக்கும். காந்தப்புலம் அபாயமாகும் எல்லையைத் தரையிலேயே கோடாக வரைந்திருப்பார்கள். காந்தத்தால் கெடாத கருவிகள் மட்டுமே அதற்கு உட்புறம் இருக்கலாம். தலைப் பிடிப்பான்கூட எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற தனிப் பொருளில் ஆனது. திறந்த இடத்தை மலட்டுத் துணியால் மூடி, படமெடுத்து, மீண்டும் தொடங்குவதற்குள் ஒரு மணி நேரம் வரை ஓடிவிடும். விழித்திருக்கும் நோயாளிக்கு அந்தக் குழாயின் நெருக்கமும் இரைச்சலும் கூடுதல் சிரமம் என்பதால், பல குழுக்கள் படமெடுக்கும் நேரத்தில் அவரைச் சற்றே மயக்கத்தில் வைக்கின்றன.

பலன் உண்டா என்றால், உண்டு. ஜெர்மனியில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு நடுவே எம்.ஆர்.ஐ. எடுத்த 24 பேரில் 23 பேருக்குப் படத்தில் தெரிந்த கட்டி முழுமையாக எடுக்கப்பட்டது. வழக்கமான முறையில் 25 பேரில் 17 பேருக்குத்தான் அது முடிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வேறுபாடு கண்ணில் படுகிறது.

இயந்திரம் இல்லாவிட்டால் குறையா என்பதற்குத் தயங்காமல் பதில் சொல்வேன். கட்டியின் மிச்சம் எங்கே இருக்கிறது என்பதைப் படம் சொல்லும். அந்த மிச்சத்தை எடுத்தால் அண்ணனுக்குப் பேச்சு மிஞ்சுமா என்பதை அண்ணனின் வாய்தான் சொல்லும். உலகெங்கும் மிகச் சில மையங்களில் மட்டுமே உள்ள விலையுயர்ந்த இயந்திரத்தைத் தேடி அலைவதைவிட, அந்தக் குழு விழித்த நிலை அறுவைகளைத் தொடர்ந்து செய்துவருகிறதா என்று கேட்பது பயனுள்ளது. எம்.ஆர்.ஐ. இல்லாத அறையிலும் அல்ட்ராசவுண்டு கருவியை மூளையின் மேற்பரப்பில் வைத்து நொடியில் படம் பார்க்கலாம், செலவும் குறைவு. முன்கூட்டியே குடிக்கக் கொடுத்த மருந்தால் கட்டி நீல விளக்கில் இளஞ்சிவப்பாக ஒளிரும் முறையும் இருக்கிறது. வேகமாக வளரும் கொடிய கட்டிகளுக்கு அது நன்கு உதவுகிறது: 2006இல் வெளியான ஆய்வில், முழுமையாக எடுக்கப்பட்டோர் விகிதம் 36இலிருந்து 65 விழுக்காடாக உயர்ந்தது. உங்கள் அண்ணனுக்கு இருப்பதாகச் சொல்லும் மெதுவாக வளரும் வகை பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஆகவே அது இல்லையென்று வருந்தவேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்தப் பையன் என்னிடம் படித்தவன். அறுவையின்போது அவனை எந்த மொழியில் பேசவைப்பார்கள்? வீட்டில் தமிழ், வேலையிடத்தில் மலாய், மேலாளரிடம் கொஞ்சம் ஆங்கிலம் என்று வாழ்பவன். மருத்துவமனையில் மலாயிலேயே சோதித்துவிட்டால் தமிழ் போய்விடுமோ என்பது என் கவலை.
— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: டீச்சர், இத்தனை கடிதங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது உங்களுடையது. உங்கள் கவலைக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓஜ்மன், விட்டேக்கர் என்னும் இருவர், இரண்டு மொழி பேசும் நோயாளிகளின் மூளையை மின்தூண்டலால் சோதித்து 1978இல் எழுதினார்கள். சில இடங்களைத் தொட்டால் இரண்டு மொழியிலும் பெயர் சொல்வது தடைப்பட்டது. வேறு சில இடங்களில் ஒரு மொழி மட்டும் தடைப்பட்டு, மற்றொன்று தங்குதடையின்றி வந்தது. பின்னர் வந்த ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. ஆகவே ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று கருத முடியாது. அதற்காக மூன்று மொழியையும் முழுமையாகச் சோதிக்க நேரமும் இராது. விழித்திருக்கும் நேரம் அளவானது. ஓரிரு மணி நேரத்தில் நோயாளி களைத்துவிடுவார், களைத்தவர் செய்யும் தவற்றையும் மின்தூண்டலால் வந்த தவற்றையும் பிரிப்பது கடினம். எனவே வாழ்க்கைக்கு மிகவும் தேவையான மொழி எது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசும் மொழி எது, கணக்கை மனத்துக்குள் எந்த மொழியில் போடுகிறார், கோபம் வந்தால் எந்த மொழி வருகிறது என்பவை மருத்துவருக்குத் தெரியாது, குடும்பந்தான் சொல்லவேண்டும்.

சோதனை நடக்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். திரையில் ஒரு படம் சுமார் 4 விநாடி தோன்றும். நோயாளி "இது குடை", "இது பூனை" என்று முழு வாக்கியமாகச் சொல்லவேண்டும். படம் தோன்றும்போது, அவருக்குத் தெரியாமல், மூளையின் ஓரிடத்தில் சில மில்லியாம்பியர் மின்சாரம் தொடும். "இது" கூட வராமல் வாய் அடைத்துக்கொண்டால், பேச்சு உறுப்புகளை இயக்கும் பகுதியைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். "இது" என்பது தெளிவாக வந்து, குடை என்பது மட்டும் வராமல் தடுமாறினால், பொருளுக்குப் பெயர் தேடும் பகுதி. நாக்கு குழறினால் வேறு. இப்படித் தடைப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் எண் எழுதிய சிறு மலட்டுக் காகிதத் துண்டை வைத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் விட்டுத்தான் கட்டியை வெட்டுவார்கள். மேற்பரப்பு முடிந்தபின், உள்ளே செல்லும் நரம்பிழைக் கற்றைகளையும் இதே முறையில் சோதித்துக்கொண்டே இறங்குவார்கள்.

இதில் தமிழ் நோயாளிக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் 260 படங்களின் தொகுதி ஒன்று அமெரிக்காவில் 1980இல் உருவானது. அதில் பனிச்சறுக்கு வண்டியும் ஆர்ட்டிச்சோக் என்னும் காயும் வருகின்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவர் அவற்றைக் கண்டு விழித்தால் அது மூளைக் குறைபாடு அல்ல. நல்ல குழு முந்திய நாளே எல்லாப் படங்களையும் நோயாளிக்குக் காட்டி, தயங்கியவற்றை விலக்கி, அவர் தங்குதடையின்றிச் சொன்னவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும். அப்போது குடும்பத்தினர் மங்கு, உளி, செம்பனைக் குலை, குத்துவிளக்கு, அம்மி என்று அவருக்குப் பழகிய பொருள்களின் படங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இரண்டாவது, பேச்சு வழக்கு. அவர் குடையைக் கொடை என்பார், சிலவற்றை மலாய்ப் பெயராலேயே சொல்வார். அவை தவறுகள் அல்ல. முந்திய நாள் அவர் சொன்னபடியே எழுதிவைத்துக்கொண்டு, அறுவை நாளில் அதிலிருந்து விலகினால் மட்டுமே தவறு என்று கொள்ளவேண்டும்.

அறுவைக் குழுவில் தமிழ் தெரிந்த தாதியோ பேச்சுப் பயிற்சியாளரோ உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் கிடைப்பது அரிதல்ல; முன்கூட்டியே கேட்டால்தான் அன்றைய பணிப் பட்டியலில் அவரைச் சேர்ப்பார்கள். காலையில் அறுவை அறை வாசலில் கேட்டால் நடக்காது. நீங்களே உள்ளே வரலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அனுமதிக்கமாட்டார்கள். ஆனால் படங்களைத் தேர்ந்தெடுத்து, அவர் சொல்லும் பெயரைத் தமிழிலும், தமிழ் படிக்கத் தெரியாத மருத்துவருக்காக ரோமன் எழுத்திலும் எழுதி ஒரு கோப்பாகக் கொடுக்க உங்களைவிடத் தகுந்தவர் யார்?

கேள்வி: என் மகன் இடுப்பில் வெள்ளி அரைஞாணும் கழுத்தில் தாயத்தும் கட்டியிருக்கிறான். அறுவை நேரத்தில் அவை இருந்தால்தான் எனக்கு நிம்மதி. இருக்க விடுவார்களா?
— ஒரு தாயார்

பதில்: விடமாட்டார்கள், அம்மா. தாயத்தின் கூடு எந்த உலோகம் என்று யாருக்கும் தெரியாது. இரும்பு கலந்திருந்தால் காந்தம் இழுக்கும். வெள்ளி இழுபடாது, ஆனால் சூடேறித் தோலைச் சுடக்கூடும். மின்சாரத்தால் இரத்தக்கசிவை அடைக்கும் கருவிக்கும் உடம்பிலுள்ள உலோகம் ஆகாது. முந்திய நாள் மாலையே நீங்களே கழற்றி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வார்டில் அவசரமாக அறுத்தெடுத்தால் உங்கள் மனம் இன்னும் சங்கடப்படும். கோவில் கயிறு வெறும் நூலாக இருந்தால் தாதியிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாமா தோட்ட லாரியும் ஓட்டுவார். அறுவைக்குப் பிறகு ஓட்டலாமா? வேலைக்குப் போக முடியாத காலத்தில் குடும்பத்துக்கு என்ன வழி?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வலிப்பு வந்த நாளிலிருந்தே அவர் எந்த வண்டியையும் ஓட்டக்கூடாது, மோட்டார் சைக்கிள் உட்பட. அறுவைக்குப் பின் எப்போது ஓட்டலாம் என்பதை நரம்பியல் மருத்துவர் எழுத்தில் தரவேண்டும். லாரிக்கான தொழில் உரிமத்தின் மருத்துவ விதிகள் சொந்தக் காருக்குரியவற்றைவிடக் கடுமையானவை. லாரி வேலை முடிந்தது என்று எண்ணி இப்போதே வேறு ஏற்பாட்டைத் தோட்ட அலுவலகத்தில் பேசத் தொடங்குவது நல்லது. ஏணி ஏறுவது, தனியாக ஆற்றங்கரையில் நிற்பது ஆகியவையும் வலிப்பு கட்டுக்குள் வரும் வரை வேண்டாம்.

வருமானத்தைப் பொறுத்தவரை, அவருடைய சம்பளச் சீட்டில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள உடற்குறைப் பாதுகாப்புத் திட்டம், வேலையிடத்தில் நேர்ந்த விபத்துக்கு மட்டும் உரியதன்று. நோயால் வேலை செய்யும் திறனை இழந்தவர்களும், சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்திருந்தால், அதில் விண்ணப்பிக்கலாம். பலரும் விபத்துக்குத்தான் சொக்சோ என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைக் கட்டணம் குறைவே என்றாலும், சில பொருள்களை வெளியே வாங்கச் சொல்லக்கூடும். அப்போது கடன் வாங்குமுன் அதே மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குப் போய், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், மருத்துவரின் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்து உதவி கேளுங்கள். சொக்சோ விண்ணப்பத்தோடு இணைக்க எம்.ஆர்.ஐ. அறிக்கை, அறுவைக் குறிப்பு, கட்டியின் திசு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வீடு திரும்பும் நாளிலேயே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுக்காகக் கோலாலம்பூருக்கு மறுபடி பஸ் ஏறவேண்டியிராது.